அம்மாக்கண்ணு வளர்த்த எறும்பு

கேசரிக்குச் சீனி எடுக்க டின்னைத் திறந்த அம்மாக்கண்ணு, திறந்த வேகத்திலேயே மூடினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி திறந்தாள். தப்பாகப் பார்க்கவில்லை. சீனி மஞ்சளாக இருந்தது. நகர்ந்துகொண்டும் இருந்தது.

“அடி பவளம், இங்க வா. சத்தம் போடாம வா.”

மகள் பவளம் துடைப்பமும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுவரில் அடுப்புக்குப் பின்னாலிருந்து கூரை வரைக்கும் எறும்பு. விறகின் மேல் எறும்பு. தண்ணீர் நிறைந்த பேசினுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்த நெய்ப் புட்டியின் மேலும் எறும்பு. செத்த எறும்பு தண்ணீரில் பாலம் போட்டுக் கிடக்க, உயிரோடு இருந்தது அதன் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது.

“போச்சு” என்றாள் பவளம்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளாக இருந்தால் அம்மாக்கண்ணு சீனியைச் சலித்து எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பாள். ஆனால் இன்றைக்கு என்ன நாள் என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அம்மாக்கண்ணு மகன் ராதாகிருஷ்ணனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் மெஷினில் வேலை. குடி இல்லை, சூது இல்லை. ஆனாலும் வந்த வரன்களெல்லாம் வாசல் வரை வந்து கைநழுவிப் போயின. கடைசியில், சில மாதத்துக்கு முன்னால், திரிங்காப் ஊரிலிருக்கும் முருகையாவின் மகள் அம்சவல்லியை இவர்கள் போய்ப் பார்த்தார்கள். முட்டைக்கோசும் செவ்வந்தியும் பயிர் செய்கிற குடும்பம். பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராதாகிருஷ்ணனோ அவளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. திரும்பும்போது முருகையா மரியாதைக்கு இரண்டு கூடை செவ்வந்தி நாற்றை மண்ணோடு கொடுத்து அனுப்பினார். இப்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். முருகையாவும் அவருடைய அக்கா வடிவம்மாளும். முருகையா மனைவியை இழந்தவர். அந்த வீட்டில் கடைசி வார்த்தை வடிவம்மாளுடையது.

வீடு பிடித்தால் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் தட்டைத் தொடாமல், “சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்துவிடுவார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது அம்மாக்கண்ணுவுக்கு அத்துப்படி.

“நேத்து எவ்வளவு போட்டீங்க?” என்று பவளம் கேட்டாள்.

“என்னத்த?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்கம்மா. எறும்புக்கு.”

“எப்பவும் போடுறதுதான்.”

“எப்பவும்னா?”

“நாளைக்கு நல்ல காரியம் ஆச்சேன்னு கொஞ்சம் கூட.”

பவளம் மாவு டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். அதிலிருந்து ஒரு பொடிகூட விழவில்லை.

மகனுக்கு ஏழரைச் சனி என்று ஈப்போ ஜோசியர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை தோறும் எறும்புக்குப் பச்சரிசி மாவும் சீனியும் போட்டால் சனியின் பிடி தளரும் என்றும் சொன்னார். ஊரில் எல்லாரும் மரத்தடியில் போடுவார்கள். அம்மாக்கண்ணுவும் அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆனால் இந்த மலையின் மழைக்குச் சனியும் தெரியாது, சாமியும் தெரியாது. போட்ட மாவை எறும்பு மோந்து பார்ப்பதற்குள் கரைத்துக் கொண்டுபோய்விடும். அதனால் அவள் அடுப்புக்குப் பின்னால் விறகு மூலையில் போட ஆரம்பித்தாள். காய்ந்த இடம், கதகதப்பான இடம். எறும்பும் வந்தது. வாரத்துக்கு வாரம் பெருகி வந்தது. சனி பகவான் மனமிரங்கிவிட்டார் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. கை தாராளம் வேறு. ஒரு பிடி போட வேண்டிய இடத்தில் இரண்டு பிடி போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

“மண்ணெண்ணெய ஊத்திருவோம்மா. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள சரியாப் போயிரும்.”

“வேணாம். அதுங்களுக்குப் போட்ட கையால அதுங்களைக் கொல்றதா? அதுவும் இன்னைக்கா? உங்க அண்ணன் தலையில வந்து விடியும்டி.”

“இப்ப மட்டும் என்ன விடியாமயா இருக்கு?”

ராதாகிருஷ்ணன் குளித்து முடித்து உள்ளே வந்தான். காலையிலிருந்து எத்தனை தடவை தலை சீவினான் என்று அவனுக்கே தெரியாது. இருவரையும் பார்த்தவன், சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“அம்மா, அவங்க வந்துட்டாங்க லா” என்றான் மெதுவாக. “லாரி கீழ நிக்குது.”

அம்மாக்கண்ணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. பவளம் சுவரைத் துடைக்க வேண்டும், ராதாகிருஷ்ணன் போய் அழைத்து வர வேண்டும், வழியில் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், துரை வீட்டுத் தோட்டத்தைக் காட்ட வேண்டும், எதையாவது காட்ட வேண்டும். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு பறந்தான். அவள் எறும்பு பிடித்த சீனியை நீரில் கொட்டிக் கலக்கி, மிதந்ததை வழித்தெறிந்துவிட்டு, அந்தப் பாகிலேயே கேசரியைக் கிண்டி இறக்கினாள். அது எப்படி அத்தனை நன்றாக வந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் முதலில் தெரிந்தது கறுப்புக் குடை. குடைக்குக் கீழே வடிவம்மாள். பின்னால் முருகையா, கம்பளி மேல்சட்டையும் வேட்டியுமாக.

“வாங்கண்ணே. வாங்கக்கா. பசியாறிட்டு வந்தீங்களா, இங்கதான் பசியாறணும்.”

“தானா ராத்தா ஆஸ்பத்திரியில எங்க தம்பியப் பார்த்துட்டு அப்படியே வர்றோம், தங்கச்சி” என்றார் முருகையா. “வயித்துல ஆப்பரேசன். நல்லா இருக்கான்.”

வடிவம்மாள் உட்காரவில்லை. குடையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு வீட்டைச் சுற்றி வந்தாள். சாமி படத்தைப் பார்த்தாள். துணிக்கொடியைப் பார்த்தாள். தலையணை உறையைக்கூட விடவில்லை. எல்லாம் துவைத்து மடித்துத் தும்பையாக இருந்தது. அவள் முகம் கொஞ்சம் இளகியது போலத் தெரிந்ததும் அம்மாக்கண்ணு மூச்சு விட்டாள்.

“பொண்ணு வேலைக்குப் போகணுமா?” என்று வடிவம்மாள் கேட்டாள்.

“அது இஷ்டம்க்கா. கொழுந்து பறிக்கப் போனாலும் சரி, வீட்டுல இருந்தாலும் சரி.”

“எங்க பொண்ணு சும்மா இருக்கமாட்டா. மண்ணுல கைய வைக்காம அவளுக்குத் தூக்கம் வராது.”

“பின்னால இடம் இருக்கு, அத்தே” என்று ராதாகிருஷ்ணன் அவசரமாகக் குறுக்கே வந்தான். “நீங்க கொடுத்த நாத்து அங்கதான் நட்டிருக்கோம்.”

வடிவம்மாள் தலையசைத்தாள். பிறகு குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. பவளம் கேசரித் தட்டோடு வந்தாள். முருகையா கையைத் துடைத்துக்கொண்டார். அவர் கை தட்டை நோக்கிப் போவதை அம்மாக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

அதனால்தான் குடையை அவள் கவனிக்கவில்லை.

வடிவம்மாள் சட்டென்று எழுந்து முந்தானையை உதறினாள். ரவிக்கைக் கையை உதறினாள். குடை தரையில் விழுந்து விரிந்தது. அதன் மடிப்புக்குள்ளிருந்து மஞ்சள் எறும்புகள் சிதறி, எந்தத் திசையென்று இல்லாமல் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடின. வடிவம்மாள் தட்டை எடுத்து உயர்த்தினாள். தட்டுக்கு அடியிலும் இருந்தது.

“இது என்ன அம்மாக்கண்ணு?”

“அது வந்துக்கா, மழைக்கு ஒண்ணு ரெண்டு…”

“ஒண்ணு ரெண்டா?” அவள் சமையல்கட்டுக்குப் போய் நின்றாள். பவளம் அவசரத்தில் துடைத்தது ஒரு பக்கச் சுவரைத்தான். “தலையணையில இருக்கிற சுத்தம் அடுப்படியில இல்லியே. எங்க பொண்ணு இதுலயா சமைப்பா? நாளைக்கு ஒரு பிள்ளை பொறந்தா இதுலயா போட்டு வளர்ப்பா?”

ராதாகிருஷ்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அம்மாக்கண்ணுவுக்கு விநோதமாகப் பட்டது முருகையாவின் முகம். அவர் குனிந்து தரையில் ஓடிய ஓர் எறும்பை உற்றுப் பார்த்தார். பிறகு அவசரமாக நிமிர்ந்துகொண்டார். கோபப்பட வேண்டிய மனிதர், திருட்டுமுழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வேற தட்டு கொண்டாறேன்க்கா. ஒரு நிமிசம்” என்று சொல்லிவிட்டு அம்மாக்கண்ணு பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தட்டுக்காக வரவில்லை, அழுவதற்குத்தான் வந்தாள். ஆனால் அழ இடமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, கம்பளி மேல்சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, ஒரு குச்சியால் செவ்வந்திச் செடியின் அடிமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அம்சவல்லி.

“நான் வாசப்படி மிதிக்கல அத்தே” என்றாள் அவள் பதறாமல். “வேலிக்கு வெளியதான் நிக்கிறேன். கைய மட்டுந்தான் உள்ள விட்டிருக்கேன்.”

பேச்சு முடிவதற்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதுகூடக் கிடையாது. இங்கே பெண் கொல்லைப்புறத்தில் மண்ணைக் கிளறுகிறாள். அம்மாக்கண்ணு உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“நீ எப்படிம்மா இங்க?”

“சித்தப்பாவப் பாக்க ஆஸ்பத்திரிக்கு நானும் வந்தேன். என்ன லாரியிலயே உக்காரச் சொன்னாங்க. மொகம் கழுவலாம்னு குழாயடிக்கு எறங்கினேன். குழாய் மேல இது ஊருது. அப்படியே பின்னாடியே வந்தேன், இங்க கொண்டாந்து விட்டுருச்சு.” அவள் குச்சியால் மண்ணைப் புரட்டினாள். அடியில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள். எறும்புகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடின. “அத்தே, இது எங்க எறும்பு.”

“உங்க எறும்பா?”

“கீழ்நாட்டுலேர்ந்து கோழி எரு வாங்கினோம், அந்த மூட்டையில வந்துச்சு. மலாய்க்காரங்க செமுட் கிலான்னு சொல்லுவாங்க, கிறுக்கு எறும்பு. குளிருக்கு ஆகாது. கதகதப்பா ஒரு எடம் கெடச்சாத்தான் பொழைக்கும். நாத்து மண்ணுல இங்க வந்திருக்கு. அப்பாவுக்குத் தெரியும். வெளிய தெரிஞ்சா எங்ககிட்ட யாரும் நாத்து எடுக்கமாட்டாங்கன்னு பெரியத்தைகிட்டகூடச் சொல்லல.”

அம்மாக்கண்ணு சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய் இதைச் சொன்னால் போதும். குற்றம் முழுக்க அந்தப் பக்கம் போய்விடும். வடிவம்மாள் மறுவார்த்தை பேச முடியாது. இத்தனை நேரம் ஒடுங்கியிருந்த அவளுக்கு ஒரு நிமிஷம் உயரம் கூடினாற்போல் இருந்தது.

“ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல” என்றாள் அம்சவல்லி. “எங்க தோட்டத்துலயே இவ்வளவு இல்ல. இங்க எப்படி இப்படிப் பெருகிச்சு? என்ன போட்டீங்க?”

கூடிய உயரம் குறைந்தது.

“பச்சரிசி மாவு” என்றாள் அம்மாக்கண்ணு. “சீனி.”

“எறும்புக்கா?”

“சனிக்கிழமை சனிக்கிழமை. அடுப்புக்குப் பின்னால. ராதாவுக்காக நேர்ந்துக்கிட்டேன்.”

அம்சவல்லி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அம்மாக்கண்ணு பயந்தே போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்கும் சிரிப்பு பீறிட்டது. வீடு பற்றி எரிகிற நேரத்தில் மாமியாரும் மருமகளும், இன்னும் அப்படி ஆகவில்லை என்பதை மறந்து, வேலிக்கு இருபுறமும் நின்று சத்தம் வராமல் சிரித்தார்கள்.

“இதுக்கு வழி இருக்கு அத்தே. மண்ணெண்ணெ ஊத்தினா மேல இருக்கறதுதான் சாகும், ராணி உள்ள இருந்துக்கிட்டுப் பெத்துக்கிட்டே இருக்கும். கேரம் ஆடுற பலகையில போடுற பவுடர் இருக்குல்ல, அதச் சீனிப்பாகுல கலந்து நீங்க மாவு போடுற எடத்துலயே வைக்கணும். தின்னுட்டு, ராணிக்கும் கொண்டுபோய் ஊட்டும். கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் தீந்துரும்.”

“விஷம் வைக்கச் சொல்றியா?” அம்மாக்கண்ணுவின் சிரிப்பு நின்றது. “நான் நேர்ந்துக்கிட்டுச் சோறு போட்டதும்மா. என் புள்ள பேரச் சொல்லிப் போட்டது. அதே எடத்துல அதே கையால எப்படி வைப்பேன்? பாவம் அவனத்தான சுத்தும்?”

அம்சவல்லி கிளறிய மண்ணைச் செடியடியில் தள்ளி மூடினாள். குச்சியைக் கீழே போட்டாள்.

“அப்ப நீங்க வைக்காதீங்க” என்றாள். “நான் வந்து வைக்கிறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்.”

“நீ எப்ப வந்து வைப்ப?”

“வர்றப்ப” என்றாள் அவள், செடியைப் பார்த்துக்கொண்டு.

பெண் பார்க்கப் போன அன்று ஒரு வார்த்தை பேசாத பெண். அவளுக்கு இஷ்டமா, இல்லையா என்று தாயும் மகனும் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அம்மாக்கண்ணு கையை நீட்டி அந்தப் பெண்ணின் மண் படிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“அளவுதான் முக்கியம் அத்தே” என்று அம்சவல்லி மெல்ல ஆரம்பித்தாள். “பவுடர் வந்து…”

பின்கதவு திறந்தது. வடிவம்மாள் நின்றாள்.

வடிவம்மாளுக்குப் பின்னால் முருகையா, அவருக்குப் பின்னால் ராதாகிருஷ்ணன். அம்சவல்லியைப் பார்த்ததும் ராதாகிருஷ்ணனின் கை தானாகத் தலைமுடியைக் கோதியது.

“நல்லாருக்கு” என்றாள் வடிவம்மாள். “பேச்சு இன்னும் முடியல, பொண்ணு கொல்லையில நின்னு கைகோத்துக்கிட்டிருக்கா. முருகையா, வண்டிய எடு.”

“பெரியத்தை, நான் சொல்றதக் கேளுங்க. இந்த எறும்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னா…”

அம்சவல்லி சொல்லப் போகிறாள் என்பது அம்மாக்கண்ணுவுக்குப் புரிந்தது. முருகையாவைப் பார்த்தாள். மனிதர் வெளிறிப் போயிருந்தார். தம்பி தன்னிடமே மறைத்தான் என்று தெரிந்தால் வடிவம்மாள் என்ன ஆட்டம் ஆடுவாள்? சம்பந்தம் பேச வந்த இடத்தில், மகள் வாயாலேயே அவருடைய மானம் போகப் போகிறது. அப்படிப் போனால் தன் வீட்டின் பேர் தப்பிக்கலாம், ஆனால் அந்த மனிதர் இந்த வாசலை ஆயுசுக்கும் மிதிக்கமாட்டார். இதெல்லாம் அம்மாக்கண்ணு நின்று யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. வாய் முந்திக்கொண்டது.

“எங்கேர்ந்து வந்தா என்னக்கா, வளர்த்தது நான்தான். மகனுக்குச் சனின்னு சொன்னாங்க. வாராவாரம் மாவும் சீனியும் போட்டேன். மழையில கரையுதேன்னு அடுப்புக்குப் பின்னால போட்டேன். நேத்து டின்னோட கொட்டினேன். எம்மேலதான் தப்பு. பொண்ணு பாவம், செடியப் பாக்க வந்துச்சு.”

வடிவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “டின்னோடவா?”

“டின்னோடக்கா.”

முருகையா யாரையும் பார்க்கவில்லை. திரும்பி உள்ளே போனார். கூடத்தில் கிடந்த கேசரித் தட்டை எடுத்தார். ஓரத்தில் ஓடிய எறும்பை ஊதித் தள்ளினார். செம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார்.

“முருகையா” என்றாள் வடிவம்மாள்.

“பசிக்குதுக்கா.”

தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ராதாகிருஷ்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பவளத்தின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் வடிவம்மாள் அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

“அவன் நனைச்சிட்டான். நான் இன்னும் நனைக்கல” என்று குடையை எடுத்து நன்றாக உதறினாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். சொல்லிக்கிட்டு வரமாட்டேன், எந்நேரமும் வருவேன். அடுப்படியில ஒரு எறும்பக் கண்டேன்னா இந்தப் பேச்ச அதோட மறந்துரு, அம்மாக்கண்ணு. எறும்புக்குச் சோறு போட்ட மனசு நல்ல மனசுதான், அதுக்காக எறும்புக்கூட்டத்துல எங்க புள்ளைய விடமுடியாது.”

லாரி கிளம்பும்போது முருகையா கண்ணாடியை இறக்கினார். “தங்கச்சி” என்றார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அம்சவல்லி பெரியத்தைக்கும் கதவுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தாள். விரலை ஒன்றோடொன்று சேர்த்து ஏதோ ஜாடை காட்டினாள். எவ்வளவு என்று சொல்கிறாள் போலிருந்தது. பனி மூட்டத்தில் அம்மாக்கண்ணுவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் பவளம் கிளப்புக்கு ஓடி, கேரம் ஆடுகிறவர்களைக் கெஞ்சிக் கூத்தாடிப் பவுடர் டப்பாவோடு திரும்பினாள். அவள் வருவதற்குள் அம்மாக்கண்ணு சீனிப்பாகு காய்ச்சி வைத்திருந்தாள்.

“அந்தக்கா வந்து வைக்கிறேன்னாங்கன்னு சொன்னீங்களே.”

“அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துரும். அதுவுமில்லாம, வாழ வர்ற பொண்ணு பாவத்தச் சுமந்துக்கிட்டா வாசப்படி ஏறணும்? கொண்டா இப்படி.”

சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். சனீஸ்வரா, கோபமிருந்தால் என் மேல் காட்டு, என் பிள்ளையை விட்டுவிடு, அந்தப் பெண்ணையும் விட்டுவிடு என்றாள். பிறகு பவுடரைக் கொட்டிக் கலக்கி, நான்கு மூடிகளில் ஊற்றி, மாவு போடுகிற அதே மூலையில் வைத்தாள். இத்தனை நாள் பிள்ளைபோல் வளர்த்ததற்கு இப்படிச் செய்கிறோமே என்று அழுகை வந்தது.

ஆனால் எறும்பு வரவில்லை.

வந்தது, வரவில்லை என்று சொல்லக்கூடாது. மூடிக்கு ஓரம் வரை ஓடி வந்தது. மீசையால் தொட்டது. சட்டென்று திரும்பியது. பின்னால் வந்ததும் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் நான்கு மூடிகளையும் சுற்றிக்கொண்டு, பாதையில் பள்ளத்தைக் கண்டதுபோல், எறும்பு வேறு வழியாகப் போக ஆரம்பித்தது.

“எவ்வளவு போட்டீங்கம்மா?” என்றாள் பவளம்.

“சீக்கிரம் முடியட்டுமேன்னு…”

“எவ்வளவு?”

“பாதி டப்பா.”

பவளம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அதான் வாடை புடிச்சுத் திரும்பிருது. அளவு முக்கியம்னு அவங்க சொன்னாங்கல்ல?”

“சொல்ல வந்துச்சு. அதுக்குள்ள அந்தம்மா கதவத் திறந்துட்டாங்க.”

மூவரும் அடுப்படியில் குந்தியபடி மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு வரை நேரம் இருக்கிறது, இல்லவும் இல்லை. அளவு தெரிந்தவள் திரிங்காப்பில் இருக்கிறாள். தட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள நாளில்லை. யாரையாவது விட்டுக் கேட்கலாமென்றால், கேட்கிற வாய் ஊரெல்லாம் பரப்பிவிடும், முருகையாவின் கதையும் சேர்ந்து வெளியே வரும்.

ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினான்.

“கோலா தெர்லா பஸ் இன்னும் போகல” என்றான், யாரிடமோ சொல்வதுபோல். “ஏறினா திரிங்காப்புல எறங்கிக் கேட்டுட்டு அடுத்த பஸ்ல வந்துரலாம்.”

பவளம் அம்மாவைப் பார்த்தாள். பேச்சு முடிவதற்கு முன்னால் மாப்பிள்ளைப் பையன் பெண் வீட்டு வாசலில் போய் நிற்பதா? போன வாரத்து அம்மாக்கண்ணுவாக இருந்தால் அகப்பையை எடுத்திருப்பாள். இன்றைக்கு அவள் அந்த நான்கு மூடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் கொட்டினாள். கொட்டி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

“போயிட்டு வா.”

“அம்மா?”

“காது கேக்கலியா? எவ்வளவு பாகுக்கு எவ்வளவு பவுடர்னு தெளிவாக் கேட்டுட்டு வா. வேற ஏதாவது பேசிட்டு அத மறந்துட்டு வந்த, வீட்டுல சேக்கமாட்டேன்.”

“அந்தக் குடைக்கார அத்தை பாத்துட்டு எதுக்கு வந்தேன்னு கேட்டா?”

“எங்கம்மா அனுப்பினாங்கன்னு சொல்லு. நான்தான் அனுப்பினேன். வந்து என்னக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்.”

ராதாகிருஷ்ணன் செருப்பை மாட்டினான். அம்மா மனம் மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம் தெரியக்கூடாதென்று, கையை வீசி நிதானமாகவே நடந்தான். அம்மாக்கண்ணு வாசலில் நின்று பார்த்தாள். லயத்து முனைவரை நடந்தான். முனை திரும்பி ஆள் மறைந்ததும், சரிவில் தடதடவென்று அவன் ஓடுகிற சத்தம் வீடுவரைக்கும் கேட்டது.